அண்மைப் பொருள்களை ஒளியால் அறிதல்

மின்தூக்கியின் கதவு, ஆள் நுழையும்போது மூடாமல் நிற்கிறது. குழாயின் கீழ்க் கையை நீட்டியதும் நீர் வருகிறது. கைபேசியைக் காதருகே கொண்டு சென்றால் அதன் திரை அணைகிறது. புட்டிகளில் திரவம் நிரப்பும் யந்திரம், புட்டி தனக்குரிய இடத்தில் வந்து நின்ற பின்னரே ஊற்றத் தொடங்குகிறது. இச்செயல்கள் யாவற்றிலும், அருகிலுள்ள பொருளைத் தொடாமலே அதன் இருப்பிடத்தை அறிந்து கூறும் கருவி ஒன்று வேலை செய்கிறது. இதனை ஒளிவழி அண்மை உணர்கருவி எனலாம். தொழிற்கூடங்களில் இது சென்சார் என்றே வழங்கப்படுகிறது.

இக்கருவியைப் பற்றிக் களப்பணியாளரும் ஆசிரியரும் முதலில் மனத்தில் கொள்ள வேண்டிய உண்மை ஒன்று உண்டு. இக்கருவி பொருளை அறிவதில்லை. தன்னிடம் வந்து சேரும் ஒளி கூடியதையோ குறைந்ததையோ மட்டுமே அறிகிறது. அம்மாற்றத்தைக் கொண்டு "பொருள் இருக்கிறது" என்றோ "இல்லை" என்றோ முடிவு செய்வது, கருவியை அமைத்தவர் முன்கூட்டி வகுத்த ஏற்பாடு. ஒளி மாறியதற்குப் பொருளின் வருகை காரணமாக இருக்கலாம். தூசியோ, வெயிலோ, விளக்கு கெட்டதோ காரணமாகவும் இருக்கலாம். இந்த வேறுபாட்டைக் கருதாமல் கருவியைப் பொருத்தினால், எண்ணும் யந்திரத்தில் கணக்குத் தவறும். அழுத்து யந்திரத்திலோ தொழிலாளியின் விரல்கள் போகும்.

தொடாமல் அறிவதன் தேவை

பொருள் வந்து முட்டினால் அசையும் நெம்புகோல் கொண்ட சுவிட்சுகள் நெடுங்காலமாக வழக்கில் உள்ளன. அவை எளியவை, ஆயினும் இலட்சக்கணக்கான முறை இடிபட்டுத் தேய்கின்றன. ஈரவர்ணம் பூசிய தகடு, கொதிக்கும் கண்ணாடி, மெல்லிய காகிதம் முதலியவற்றைத் தொடுவது பொருளுக்கே கேடாகும். காந்தப்புல மாறுதலால் உணரும் கருவிகள் தொடாமலே வேலை செய்யினும், அவை பெரும்பாலும் உலோகங்களையே அறியும்; அவற்றின் எட்டும் தொலைவும் பொதுவாகச் சில மில்லிமீட்டர்களே. மரம், காகிதம், துணி, பிளாஸ்டிக், மனிதக் கை ஆகிய யாவற்றையும் சற்றுத் தொலைவிலிருந்தே உணர ஒளி உதவுகிறது.

வளர்ந்த வரலாறு

1873-ஆம் ஆண்டில் வில்லபி ஸ்மித் என்னும் ஆங்கிலப் பொறியியலார், கடலடித் தந்திக் கம்பிகளைச் சோதிப்பதற்குச் செலினியம் தண்டுகளைப் பயன்படுத்துகையில், வெளிச்சம் பட்டால் அவற்றின் மின்தடை குறைவதை அறிவித்தார். ஒளியை மின்சாரத்தின் மொழியில் பெயர்க்கலாம் என்பது இதனால் புலனாயிற்று. இந்திய விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ், கலீனா என்னும் ஈயத்தாதுவின் படிகத்தைக் கொண்டு அமைத்த உணர்கருவிக்கு 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. அது ரேடியோ அலைகளை மட்டுமின்றி ஒளியையும் உணர்ந்தது. ஒளி உலோகத்தின்மீது பட்டு எலெக்ட்ரான்களை வெளியேற்றும் விளைவுக்கு ஐன்ஸ்டைன் 1905-இல் விளக்கம் தந்தார்.

முற்காலக் கருவிகளில் இழை விளக்குகளே ஒளி தந்தன. யந்திரங்களின் அதிர்ச்சியால் அவ்விழைகள் அடிக்கடி அறுந்தன. மேலும், சூடேறி ஒளிரும் இழையை வினாடிக்குப் பல்லாயிரம் முறை ஏற்றி அணைக்க இயலாது. 1960-களின் தொடக்கத்தில் காலியம் ஆர்சினைடு முதலிய குறைகடத்திகளால் ஆன ஒளி உமிழ் டையோடுகள் தோன்றின. எல்.இ.டி. என வழங்கும் இவை அதிர்ச்சியைத் தாங்கும். மிக விரைவாக ஏறி அணையும். இவ்விரு குணங்களும் இக்கருவியின் போக்கையே மாற்றின.

கருவியின் உறுப்புகள்

கருவியில் முக்கியமாக மூன்று உறுப்புகள் உண்டு. முதலாவது ஒளி உமிழி. இது சிவப்பொளியையோ, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களையோ வெளியிடும். அகச்சிவப்பு வகையில் 850 முதல் 950 நானோமீட்டர் வரையுள்ள அலைநீளங்கள் பெரிதும் பயன்படுகின்றன. சிலிக்கன் இப்பகுதியில் நன்கு உணர்கிறது. சிவப்பொளியில் வேறொரு வசதி உண்டு: ஒளிப்புள்ளி கண்ணுக்குத் தெரிவதால் கருவியை நேர்படுத்துவது எளிது.

இரண்டாவது உறுப்பு ஒளி ஏற்பி. இது ஒளி டையோடாகவோ ஒளி டிரான்சிஸ்டராகவோ இருக்கும். மூன்றாவது, ஏற்பியில் தோன்றும் சிறு மின்னோட்டத்தைப் பெருக்கி, ஒரு வரம்பு அளவோடு ஒப்பிட்டு, ரிலேயையோ வேறு சுவிட்சையோ இயக்கும் மின்சுற்று.

இவ்வரம்பு ஒற்றை அளவாக இருத்தல் கூடாது. பொருள் எல்லைத் தொலைவில் சற்றே அதிர்ந்தாலும் ரிலே ஓயாமல் ஏறி இறங்கும். ஆகவே, எடுத்துக்காட்டாக, 20 செ.மீ. தொலைவுக்குள் வந்தால் இயங்கவும், 22 செ.மீ.க்கு அப்பால் சென்றாலன்றி நிற்காதிருக்கவும் இரு வரம்புகள் வைக்கப்படுகின்றன.

மூவகை அமைப்புகள்

1. எதிர்முக அமைப்பு: உமிழி ஒருபுறமும் ஏற்பி எதிர்ப்புறமும் நிற்கும். இடையே பொருள் வந்தால் ஒளி தடைப்படும். ஒளி ஒருவழிப் பயணமே செய்வதால் இது பல மீட்டர் தொலைவுக்கும் எட்டும். பொருளின் நிறம் எதுவாயினும், ஒளி புகாததாக இருந்தால் போதும். இருபுறமும் கம்பி இழுக்க வேண்டியிருப்பதும், இரண்டையும் நேர்படுத்த வேண்டியிருப்பதும் இதன் தொல்லைகள்.

2. மீள்பிரதிபலிப்பு அமைப்பு: உமிழியும் ஏற்பியும் ஒரே பெட்டியில் இருக்கும், எதிரே பிரதிபலிப்பான் ஒன்று நிற்கும். சைக்கிளின் பின்புறச் சிவப்பு வில்லையில் உள்ளவாறு, ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று முகங்கள் கூடிய சிறு மூலைகளால் அது ஆனது. எக்கோணத்தில் ஒளி வந்தாலும் வந்த திசையிலேயே அது திருப்பி அனுப்பும். இடையே வரும் பொருள் பளபளப்பான தகடாயின், அத்தகடே கண்ணாடியைப்போல் ஒளியைத் திருப்பிக் கருவியை ஏமாற்றலாம். இதனைத் தவிர்க்க, உமிழிக்கும் ஏற்பிக்கும் முன்னால் ஒன்றுக்கொன்று குறுக்கான முனைவாக்கும் தட்டுகளை வைப்பர். மூலைப் பிரதிபலிப்பான் ஒளியின் முனைவுத் தளத்தை மாற்றும். தட்டையான தகடு மாற்றாது. ஆகவே பிரதிபலிப்பானின் ஒளி மட்டுமே ஏற்பியை அடையும்.

3. நேர்ச்சிதறல் அமைப்பு: இதில் பிரதிபலிப்பான் இல்லை. பொருளின் மேற்பரப்பே ஒளியைச் சிதறித் திருப்புகிறது. ஒரே பெட்டியைப் பொருத்தினால் போதுமாதலின் இது மலிவானது, எங்கும் காணப்படுவது. பெரும்பாலான தவறுகள் நிகழ்வதும் இவ்வமைப்பிலேயே. ஆதலின் இதனைச் சற்று விரிவாக ஆராய்தல் வேண்டும்.

ஒளியின் அளவு தொலைவைக் கூறுமா?

உமிழியின் ஒளிக்கற்றை முழுவதையும் மறைக்கும் அளவுக்குப் பொருள் பெரியது எனக் கொள்க. பொருளின்மீது படும் ஒளி எல்லாத் திசைகளிலும் சிதறுகிறது. அதில் ஏற்பிக்குத் திரும்பும் பங்கு தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். தொலைவு இருமடங்கானால் திரும்பும் ஒளி நான்கில் ஒன்றாகும். மும்மடங்கானால் ஒன்பதில் ஒன்றாகும்.

இனி, தன்மேல் படும் ஒளியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கைத் திருப்பும் வெள்ளை அட்டையையும், நூற்றுக்குப் பத்துப் பங்கையே திருப்பும் கரிய அட்டையையும் எடுத்துக்கொள்வோம். விகிதம் ஒன்பது. ஆகவே வெள்ளை அட்டையை 60 செ.மீ. தொலைவில் உணரும் கருவி, கரிய அட்டையை 20 செ.மீ.க்குள் வந்தால்தான் உணரும். 60 செ.மீ.யில் உள்ள வெள்ளை அட்டையும் 20 செ.மீ.யில் உள்ள கரிய அட்டையும் ஏற்பிக்கு ஒரே அளவு ஒளியையே தருகின்றன. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிய அக்கருவிக்கு வழியே இல்லை.

விற்பனையாளர் தரும் ஏட்டில் காணப்படும் தொலைவு, பெரும்பாலும் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு ஒளியைத் திருப்பும் வெள்ளை அட்டையைக் கொண்டு அளந்த தொலைவாகும். கரிய ரப்பர் உருளைகளை எண்ணும் இடத்தில் அத்தொலைவை நம்பிக் கருவியை வைத்தால், பல உருளைகள் எண்ணப்படாமலே கடந்துவிடும். இங்கு இன்னொரு எச்சரிக்கையும் தேவை. கண்ணுக்குக் கரியதாகத் தோன்றும் துணிகளுள் சில, அகச்சிவப்புக் கதிர்களை நன்கு திருப்புகின்றன. எனவே கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல், கருவி உணர வேண்டிய பொருளையே எதிரே வைத்துச் சோதித்தல் வேண்டும்.

தொலைவை உண்மையாக அளக்கும் முறைகள்

ஒளியின் அளவு நம்பத்தக்கதன்று என்றால், வேறு எதைக் கொண்டு தொலைவை அறிவது? இதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, முக்கோண முறை. 1802-இல் சென்னையின் பரங்கிமலையருகே அடிக்கோடு ஒன்றை அளந்து, லாம்டன் இந்திய நிலத்தின் பெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். அடிக்கோட்டின் நீளமும் கோணங்களும் தெரிந்தால், எட்டாத மலையுச்சியின் தொலைவும் தெரிந்துவிடும். அதே கணிதமே உள்ளங்கையில் அடங்கும் இக்கருவியிலும் நடைபெறுகிறது. உமிழிக்கும் ஏற்பி வில்லைக்கும் இடையேயுள்ள தூரமே அடிக்கோடு. பொருளின்மீது விழுந்த ஒளிப்புள்ளி வில்லையின் வழியே ஏற்பியின் மேல் எவ்விடத்தில் விழுகிறது என்பதைக் கொண்டு கோணம் அறியப்படுகிறது.

அடிக்கோடு 20 மி.மீ., வில்லையின் குவியத் தூரம் 10 மி.மீ. எனில், பொருள் 100 மி.மீ. தொலைவில் இருக்கும்போது ஒளிப்புள்ளி நடுக்கோட்டிலிருந்து 2 மி.மீ. தள்ளி விழும். 200 மி.மீ. ஆனால் 1 மி.மீ.; 400 மி.மீ. ஆனால் அரை மி.மீ. பொருள் வெண்மையாயினும் கருமையாயினும் புள்ளி விழும் இடம் மாறாது. அதன் பொலிவு மட்டுமே மாறும். அருகில் இருக்கும்போது சிறு அசைவும் நன்கு தெரிவதையும், தொலைவு கூடக் கூடப் புள்ளியின் நகர்ச்சி சுருங்குவதையும் மேற்கண்ட எண்களிலிருந்து காணலாம். ஆகவே இம்முறை அண்மைத் தொலைவுக்கே மிகப் பொருத்தமானது. பின்னால் வெள்ளைச் சுவரும் முன்னால் கரிய பொருளும் இருந்தாலும், சுவரின் ஒளி விழும் பகுதியை ஒதுக்கிவிட்டுப் பொருளை மட்டும் உணரும் கருவிகள் இம்முறையில் அமைந்தவையே.

இரண்டாவது, ஒளி சென்று திரும்பும் காலத்தை அளக்கும் முறை. ஒளி ஒரு நானோ வினாடியில் ஏறத்தாழ 30 செ.மீ. செல்லும். 15 செ.மீ. தொலைவிலுள்ள பொருளிலிருந்து அது ஒரு நானோ வினாடியில் திரும்பி வரும். ஒரு மில்லிமீட்டர் நுட்பத்துடன் அளக்க வேண்டுமாயின் ஒரு வினாடியைப் பதினைந்தாயிரம் கோடி கூறுகளாக்கி, அவற்றுள் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். ஒரே அளவையில் இது அரிது. பல்லாயிரம் துடிப்புகளை அனுப்பிச் சராசரி காண்பதால் இன்று கைபேசிக்குள் அடங்கும் கருவிகளிலும் இம்முறை கையாளப்படுகிறது.

விண்வெளியில் ஓர் எடுத்துக்காட்டு

இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் 2024 டிசம்பர் 30-ஆம் நாள் ஸ்பேடெக்ஸ் என்னும் திட்டத்தின்கீழ் இரு சிறு விண்கலங்களை ஏவியது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 220 கிலோ எடையுள்ளது. சுற்றிவரும் நிலையிலேயே இவ்விரண்டையும் நெருங்கச் செய்து ஒன்றோடொன்று பூட்டுவதே நோக்கம். இதற்கு லேசர் தொலைவுமானி, மூலைப் பிரதிபலிப்பான்கள், அண்மை நிலையில் பயன்படும் தனி உணர்கருவி, பூட்டும் பகுதி உள்ளே நுழைந்துவிட்டதா என அறியும் மற்றொரு கருவி எனப் பல இணைக்கப்பட்டன. 2025 ஜனவரி 12-ஆம் நாள் கலங்கள் 15 மீட்டர் வரையிலும், பின்னர் 3 மீட்டர் வரையிலும் நெருக்கப்பட்டுப் பாதுகாப்பான தொலைவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. ஜனவரி 16-ஆம் நாள் அவை வெற்றியுடன் இணைக்கப்பட்டன. எல்லாத் தொலைவுக்கும் ஒரே கருவி போதாது என்பதும், ஒவ்வொரு நிலையிலும் சோதித்த பின்னரே அடுத்த நிலைக்குச் செல்ல வேண்டும் என்பதும் இந்நிகழ்ச்சி தரும் பாடங்கள்.

வெயிலை வெல்லும் வழி

கருவியின் சிறு விளக்கு தரும் ஒளியைவிட நண்பகல் வெயில் பன்மடங்கு வலிது. அதில் அகச்சிவப்பும் மிகுதி. ஆயினும் கருவி திறந்த வெளியிலும் வேலை செய்வது எவ்வாறு? உமிழி வினாடிக்குப் பல்லாயிரம் முறை துடிக்கிறது. ஏற்பியின் மின்சுற்று அத்துடிப்பின் கதியில் வரும் ஒளியை மட்டுமே ஏற்று, மாறாது விழும் வெயிலை ஒதுக்குகிறது. திருவிழாக் கூட்டத்தின் இரைச்சலிலும் பழகிய தாளத்தைக் காது பிரித்தறிவது போன்றது இது.

ஆனால் இதற்கும் எல்லை உண்டு. வெயில் நேராக ஏற்பியின் உள்ளே விழுந்தால், ஏற்பி தன் முழு அளவும் நிறைந்துவிடும். விளிம்புவரை நிறைந்த குடத்தில் மேலும் ஒரு துளி விழுந்தது தெரியாதது போல, துடிப்பு வந்தாலும் அது தெரியாது. ஆதலின் கிழக்கையோ மேற்கையோ நோக்கி ஏற்பியைப் பொருத்துவதைத் தவிர்த்தல் நலம். இயலாதெனில் முன்னே ஒரு சிறு மறைப்புக் குழாயைப் பொருத்தலாம்.

கருவி கெட்டால் யந்திரம் என்ன செய்யும்?

பொருத்துவோர் எல்லோரும் கேட்டறிய வேண்டிய கேள்வி இதுவே. வில்லையின்மீது தூசி படிந்துவிட்டது எனக் கொள்க. எதிர்முக அமைப்பில் ஒளி குறையும், கருவி "பொருள் குறுக்கே உள்ளது" என்று கூறும், யந்திரம் நிற்கும். நேர்ச்சிதறல் அமைப்பிலும் ஒளி குறையும், ஆனால் கருவி "பொருள் எதுவும் இல்லை" என்று கூறும், யந்திரம் ஓடும். குறை ஒன்றே, விளைவுகள் நேரெதிரானவை. விளக்கு கெடுவதும் கம்பி அறுவதும் இவ்வாறே.

ஆகவே மனிதரைக் காக்கும் இடங்களில் "ஒளி வந்துகொண்டிருக்கும்வரை ஓடு, ஒளி நின்றால் நில்" என்பதே விதியாக இருத்தல் வேண்டும். அழுத்து யந்திரங்களின் முன்னே பல எதிர்முகக் கற்றைகளை வரிசையாக நிறுத்தி ஒளித்திரை அமைப்பது இவ்விதியைத் தழுவியதே. அத்திரைகள் தம்மைத் தாமே ஓயாது சோதித்துக்கொள்ளும். ரிலேயின் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டாலும் யந்திரம் நிற்கும்படி இரு ரிலேக்கள் ஒன்றையொன்று கண்காணிக்கும். பாதுகாப்புக்கென்று தரச்சான்று பெறாத சாதாரண அண்மை உணர்கருவியை இவ்வேலைக்குப் பயன்படுத்துவது பெருந்தவறு.

திரையை எங்கே நிறுத்துவது என்பதும் கணக்கிட வேண்டியதே. பாதுகாப்புத் தர விதிகளில் கையின் வேகம் வினாடிக்கு 2 மீட்டர் எனக் கொள்ளப்படுகிறது. திரை உணர்வதற்கும் யந்திரம் முழுதும் நிற்பதற்கும் சேர்த்து 0.15 வினாடி ஆகுமெனில், அதற்குள் கை 30 செ.மீ. முன்னேறிவிடும். ஆகவே அபாய இடத்திலிருந்து 30 செ.மீ.க்குக் குறையாமல் திரை நிற்றல் வேண்டும். கற்றைகளின் இடைவெளி வழியே விரலோ கையோ சற்று நுழைய இயலுமாயின், அதற்குரிய தூரத்தையும் கூட்ட வேண்டும். பழைய யந்திரத்தின் தடை தேய்ந்து, நிற்கும் காலம் 0.25 வினாடி ஆகிவிட்டால் தேவையான தூரம் 50 செ.மீ. ஆகும். திரை குறையின்றி இருந்தும் கை அடிபடும். எனவே கருவியோடு யந்திரத்தின் தடையையும் காலந்தோறும் சோதித்தல் அவசியம்.

களப்பணியாளர் கவனத்துக்கு

1. கருவி உணர வேண்டிய பொருள்களுள் மிகக் கரியதையும் மிகச் சிறியதையும் வைத்து எல்லையைக் குறிக்கவும்.
2. பொருள் இல்லாதபோது, பின்னணிச் சுவரோ யந்திரப் பகுதியோ ஒளியைத் திருப்புகிறதா எனப் பார்க்கவும்.
3. கண்ணாடிப் புட்டி, தெளிந்த பிளாஸ்டிக் ஆகியவற்றின் ஊடே ஒளி பாயுமாதலின் அவற்றுக்கெனச் செய்த கருவியையே தேர்ந்தெடுக்கவும்.
4. வில்லையை மென்துணியால் துடைக்கவும். துடைத்தபின் எல்லைத் தொலைவு எவ்வளவு மாறியது எனக் குறித்து வைக்கவும்.
5. இரு கருவிகளை அடுத்தடுத்து வைத்தால், ஒன்றன் ஒளி மற்றொன்றில் விழாதவாறு திசையை மாற்றவும்.
6. லேசர் வகைக் கருவியின் கற்றையைக் கண்ணால் நேராக நோக்குதல் கூடாது.

வகுப்பறையில் செய்து காட்ட

தேவையானவை: கைவிளக்கு, ஒளி பட்டால் தடை குறையும் சிறு மின்தடை ஒன்று, பல்பயன் மின்மானி, வெள்ளை அட்டை, கரிய அட்டை, அளவுகோல்.

அறையை இருளாக்கி, கைவிளக்கையும் ஒளித்தடையையும் அருகருகே ஒரே திசையை நோக்கி வைக்கவும். விளக்கின் ஒளி நேராகத் தடையின்மேல் விழாதபடி இடையே ஒரு கரிய தாளை நிறுத்தவும். எதிரே 30 செ.மீ. தொலைவில் வெள்ளை அட்டையைப் பிடித்து, மின்மானி காட்டும் தடையைக் குறிக்கவும். பின்னர்க் கரிய அட்டையை வைத்து, அதே அளவு வரும்வரை மெல்ல அருகே கொண்டுவரவும். அவ்விரு தொலைவுகளையும் மாணாக்கர் குறித்துக்கொள்ளட்டும். ஒரே அளவு, இரு வேறு தொலைவுகள்: இப்பாடத்தின் சாரம் இதிலேயே விளங்கிவிடும். ஒளித்தடையின் அளவு ஒளிக்கு நேர்விகிதத்தில் மாறாது என்பது இச்சோதனையைப் பாதிப்பதில்லை. இங்கு ஒரே அளவை இருமுறை ஒப்பிடுவதே செய்யப்படுகிறது.

தொலைக்காட்சியை இயக்கும் கைக்கருவியின் முனையைக் கைபேசிக் காமிராவின் வழியே நோக்கினால், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி மினுக்குவதைப் பல கைபேசிகளில் காணலாம்.

பயிற்சி வினாக்கள்

1. ஒரு நேர்ச்சிதறல் கருவி வெள்ளை அட்டையை 90 செ.மீ. தொலைவில் உணர்கிறது. அவ்வட்டை திருப்பும் ஒளியில் நான்கில் ஒரு பங்கையே திருப்பும் பொருளை எத்தொலைவில் உணரும்?
2. 3 மீட்டர் தொலைவிலுள்ள பொருளிலிருந்து ஒளி திரும்ப எவ்வளவு நேரம் ஆகும்?
3. உணர்தலுக்கும் நிற்பதற்கும் மொத்தம் 0.2 வினாடி ஆகும் யந்திரத்துக்கு ஒளித்திரை குறைந்தது எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும்?
4. உமிழி கெட்டுப்போனால் மூவகை அமைப்புகளும் தனித்தனியே என்ன கூறும்? அவற்றுள் எவை யந்திரத்தை நிறுத்தும்?

விடைகள்: (1) 45 செ.மீ. (2) 20 நானோ வினாடி. (3) 40 செ.மீ. (4) எதிர்முக, மீள்பிரதிபலிப்பு அமைப்புகள் பொருள் உள்ளதாகக் கூறி யந்திரத்தை நிறுத்தும். நேர்ச்சிதறல் அமைப்பு பொருள் இல்லை எனக் கூறி யந்திரத்தை ஓடவிடும்.